ஓடு எண் 47

உள்ளங்கை அகலம் கூட இல்லை அந்தச் சோதனை ஓடு.
கருங்குளத்து வண்டல், பாதிக்குப் பாதி வெள்ளைக் களிமண்,
மேலே கல்லிடைக்குறிச்சி ரைஸ் மில் சாம்பலில் செய்த கிளேஸ்.
ஆயிரத்து இருநூற்றுப் பத்து டிகிரி.
சூளை திறந்தபோது
பெட்ரோல் பங்க்கில் மழைத்தண்ணீர் மேல் மிதக்குமே,
அப்படி ஒரு நீலம்.
நோட்டில் எழுதினேன்: நாற்பத்தேழு. நன்று.
அந்த 'நன்று'தான் எனக்கு வினையாக வந்தது.

போட்டோ பார்த்துவிட்டுக் குற்றாலத்து விடுதிக்காரர் ரெஜினால்டு
அறுபது கோப்பை கேட்டார்.
சீசனுக்கு முன்னால் வேண்டும்,
அட்வான்ஸ் ஆறாயிரம்.
அதே கலர், மேடம், அதே கலர்.

முதல் சூடு:
பேட்டை எஸ்டேட்டில் கரண்ட் போனது
ஆயிரத்து நூற்று எண்பதில்.
த்ரீ பேஸில் ஒரு பேஸ் இல்லை என்றார் லைன்மேன்,
ஒரு கால் இல்லாத நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல.
நீராகாரம் நிறத்தில் இருபது கோப்பைகள்.
இரண்டாம் சூடு:
கரண்ட் நின்றது, கிளேஸ் நிற்கவில்லை.
வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது.
உளி வைத்துத் தட்டியதில்
கோப்பைகள் ஒன்பது, தட்டு ஒன்று,
என் கட்டைவிரல் நகம் ஒன்று.
தட்டு மட்டும் நாலாயிரத்து இருநூறு.

இடையில் பாளையங்கோட்டைக் கண்காட்சி.
ஸ்டாலுக்கு மூவாயிரம் வாடகை,
பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி.
ஒரு அம்மா கோப்பையை நகத்தால் சுண்டினாள்.
'கீழ போட்டா உடையுமா?'
உடையும்.
'பொறவு என்னத்துக்கு இருநூத்தம்பது?'
பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் பஜ்ஜி வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாள்,
எண்ணெய்க் கையோடு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்,
போய்விட்டாள்.
அன்றைய விற்பனை ஊறுகாய் ஜாடி இரண்டு.
விரல் ரேகை துடைத்தது ஐந்து.

மூன்றாம் சூட்டிலும் நீலம் வராமல்
பஸ் ஏறி மில்லுக்கே போனேன்.
பாய்லர் உச்சிமாகாளி
புருவமெல்லாம் உமித்தூசியோடு நின்றார்.
ஆனியில் தந்த சாம்பல் மாதிரி வேண்டும் என்றேன்.
சாம்பலில் என்ன மாதிரி இருக்கு என்று
அவர் கேட்கவில்லை.
விரலை மடக்கி மாதம் எண்ணினார்.
'அந்த மாசம் உமி பத்தல தாயி.
மார்த்தாண்டத்துலேர்ந்து முந்திரித்தோடு வந்துச்சு,
அதையும் சேத்துல்லா போட்டோம்.'

ஒரு மாத ஆராய்ச்சியும் அந்த 'அதையும்'-இல் அடங்கிவிட்டது.

தோடு இரண்டு மூட்டை வாங்கி நானே எரித்தேன்.
கரும்புகை எதிர்ப்பக்க இட்லி மாவுக் கடைக்குள் நுழைந்தது,
கடைக்காரர் என் வாடகைக்காரருக்கு நுழைந்தார்.
தோட்டுப்பால் பட்டு விரலிடுக்கு வெந்தது.
இரண்டு வாரம் சக்கரத்தில் உட்காரவில்லை.
நீலம் வந்தது.
நாற்பத்தேழுக்குத் தம்பி மாதிரி,
சாடை இருக்கிறது, ஆள் வேறு.

ரெஜினால்டு முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டார்.
மீதியைப் பற்றி, 'இது அது இல்லையே' என்றார்.
இல்லைதான்.
கூரியரில் நாலு போனது.
'உடையும் பொருள்' என்று சிவப்பில் எழுதியிருந்தேன்,
எழுத்தின் மேலேயே குத்துப்பட்டிருந்தது பெட்டி.

சாம்பல் எடுக்க மறுபடி போனபோது
பையில் ஒரு கோப்பை இருந்தது. காட்டினேன்.
உச்சிமாகாளி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.
'இதுல நம்ம சாம்பல் எங்ஙன இருக்கு?'
நீலத்தைத் தொட்டேன்.
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, 'என்ன வெல?'
இருநூற்றைம்பது.
'சாம்பல் எங்களுதுல்லா. இருநூறு வச்சுக்க.'
இத்தனை வருஷத்தில்
எனக்குப் பதில் இல்லாத பேரம் அது ஒன்றுதான்.
இருநூறுக்குக் கொடுத்தேன்.

இப்போது மூட்டைகள் வருகின்றன,
சாக்கின் மேல் கரித்துண்டில் அவர் கையெழுத்தோடு:
ஐப்பசி 9. உமி மட்டும்.
ஐப்பசி 22. கா பங்கு தோடு. மழ. நனஞ்சிட்டு.