இரவல் கோட்டு

நூலகத்தில் என் முறை வர ஐந்து மாதம்.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.
சலவைக்கடை எலியானா மட்டும் பட்டியலில் இரண்டு தடவை;
முதல் தடவை அழுது தீரவில்லையாம்.

"கைக்குட்டை வைத்திருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே
முத்திரை குத்தினாள் நெவென்கா.
அட்டையில் கடல்,
கடலைப் பார்த்தபடி ஒரு முதுகு,
பறக்கும் கூந்தல்.
புந்தா அரேனாஸ் காற்றில் கூந்தல் அப்படிப் பறக்காது.
வாய்க்குள் போகும்.

காற்று நூறைத் தாண்டினால் துறைமுகத்தை மூடுவார்கள்.
படகுச்சீட்டு விற்கும் என் சன்னலையும்.
அன்று மூடினார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கச் சதுக்கத்தில் கயிறு கட்டினார்கள்.
நான் ஹீட்டர் பக்கம் காலை நீட்டி
நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும்
பந்தியில் உட்கார்ந்தவள்போலத் திறந்தேன்.

குறை சொல்ல உட்காரவில்லை.
அழத்தான் உட்கார்ந்தேன்.
ஏப்ரலில் யேர்கோ சாவிகளை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனதிலிருந்து
எனக்குள் ஏதோ ஒரு கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது.
வேறொருத்தி துக்கத்தை நுழைத்துத் திருப்பிப் பார்க்கலாமே என்று.

நாற்பதாம் பக்கத்தில் கசில்தாவின் தாய் சாகிறாள்.
தொண்ணூற்றேழில் சுரங்கம் இடிந்து கணவன்.
நூற்று எண்பத்தெட்டில் கைக்குழந்தை.
காய்ச்சல், நிலவு, ஜன்னலில் ஒரு வெள்ளைப் பூ.
ருசி பார்க்காமலே உப்புப் போடுகிற கை
இந்த ஆசிரியருக்கு.
சாகிற ஒவ்வொருவரும்
எழுவாய் பயனிலை பிசகாமல் பேசிவிட்டுச் சாகிறார்கள்.
என் அம்மா கடைசியாகச் சொன்னது
"முட்டைக்காரிக்கு இரண்டாயிரம் பாக்கி."

இருநூற்று அறுபத்து மூன்றில்
மழையில் நிற்கிறாள் கசில்தா.
கரி விற்கிறவன் ஒருவன் தன் கோட்டைக் கழற்றி
"நாளைக்குத் தா போதும்" என்கிறான்.
இருமுகிறான்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான்.
மொத்தம் நாலு வரி. பெயர்கூட இல்லை.

நானூற்று ஒன்பதில் அவள் கடலுக்குள் நடக்கிறாள்.
ஒரு பக்கம் முழுக்கப் பொத்தான் போடுகிறாள்,
கழுத்திலிருந்து முழங்கால் வரை, ஒவ்வொன்றாக.
அது அவனுடைய கோட்டு!

மணி அடிக்கிறது, ஊர் கதறுகிறது, கடற்காகங்கள் வட்டமிடுகின்றன.
முற்றும்.

நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
கரிக்காரன் எங்கேயும் இல்லை.
ஜூன் மாதம் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார்.
ஜூனில், கோட்டில்லாமல், அந்த இருமலோடு,
மறுநாள் அதே முனையில் காத்து நின்றிருப்பானே.
அதற்கடுத்த நாளும்.

கடைசிப் பக்கங்கள் நாற்பத்தொரு பேர் கண்ணீரில்
அப்பளம்போல் நெளிந்திருந்தன.
இருநூற்று அறுபத்து மூன்று
அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தது.
ஒரு தேநீர்க் கறைகூட இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது
எலியானாவும் அங்கே இருந்தாள்.
"அழுதாயா?"
"இல்லை."
வரிசையே திரும்பிப் பார்த்தது.
"கல் நெஞ்சுக்காரி" என்றாள், பாதி சிரித்து.
"அந்தக் கோட்டை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை" என்றேன்.
"எந்தக் கோட்டு?"
"கரிக்காரனுடையது."
"எந்தக் கரிக்காரன்?"

நெவென்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
நாற்பத்து மூன்றாவது ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.

வெளியே இன்னும் கயிறு கட்டியிருந்தது.
இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நடந்தேன்.
கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது;
காற்றில் எல்லோருக்கும் கொட்டும்,
அது கணக்கில் சேராது.
சதுக்கம் முடியும் இடத்தில் கயிறும் முடிந்தது.
வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

முட்டைக்காரிக்கு அந்த இரண்டாயிரம்
கொடுத்தேனா?
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.
அவள் கடை வலப்பக்கம், மேட்டில்.
விளக்கு எரிகிறதா என்று
இங்கிருந்து தெரியவில்லை.