ஸ்டெப்னி

முதலாளி வேட்டியை விட்டு
ஒன்றே முக்கால் வருசமாகிறது.
மடித்துக் கட்டினால் கெண்டைக்கால் தெரியும்.
கெண்டைக்கால் தெரிந்தால் அதுவும் தெரியும்.

இடுப்பில் இருப்பது ஊருக்கே தெரிந்ததுதான்.
காங்கயம் ரோட்டுப் பேக்கரியில்
டீக்கு நிற்கையில் சட்டை துருத்தியிருக்கும்,
பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.
கணுக்காலில் இருப்பது
அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும்
கலெக்டர் ஆபீஸ் ஃபைலுக்கும்
எனக்கும் மட்டும்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
வண்டி ஏறும்போது
எந்தக் காலை முதலில் வைப்பார் என்று
பதினாலு வருசமாகப் பார்க்கிறவன்.
கால் மாறிவிட்டது.
சித்திரை வந்தால் அந்த இடத்தில் வேர்க்குரு,
பின்சீட்டில் பவுடர் வாசம்.

ஊத்துக்குளி ரோட்டில் அந்தச் சனிக்கிழமை
சம்பளப் பை கேஷியர் மாரண்ணன் மடியில் இருந்தது.
பைக்கில் ரெண்டு பேர், ஒரு அரிவாள்.
முதலாளி எடுத்தார், அமுக்கினார்.
டிக்.
இன்னொரு தடவை. டிக்.
அடுப்பு பற்றவைக்கும் லைட்டர்கூட
அதைவிடச் சத்தம் போடும்.
பின்னால் ஜல்லி லாரி வந்ததால் பை தப்பியது.
மாரண்ணனின் இடது காது
பாதி தப்பியது.

ரெண்டாவதுக்கு எழுதிக் கொடுத்தபோது
ஒன்று போதாதா என்று கேட்டாராம் அதிகாரி.
"போர் ஒண்ணு போதும்னா
நான் ஏனுங்க எட்டுப் போட்டேன்?"
ஊர் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
எட்டிலும் புழுதிதான் வந்தது என்பதை
அவர் சொல்லவில்லை,
அதிகாரியும் கேட்கவில்லை,
நான் கியர் மாற்றினேன்.

எங்கள் பக்கம் அப்படித்தான்.
மோட்டாருக்கு இன்னொரு மோட்டார்,
கரண்டுக்கு ஜெனரேட்டர், அதற்கு மேல் இன்வெர்ட்டர்,
பெண்ணுக்கு ரெண்டு ஜாதகம்.

தேர்தல் வந்தது.
ரெண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து
ரசீதை நாலாக மடித்து பர்சில் வைத்தார்.
மறுநாளிலிருந்து நொண்டினார்.
கால் வலிங்களா என்றேன்.
"வெயிட்டு இல்லைடா வெள்ளிங்கிரி,
காலு காத்துல போகுது."

தேர்தல் என்று சனிக்கிழமை நிற்குமா.
ஏழு வாரம் வெறும் இடுப்போடு
கூலிப் பணம் கொண்டுவந்தோம்.
சிக்னலில் ஒரு பைக் உரசி நின்றால்
குனிந்து சாக்ஸைத் தொடுவார்.
கண்ணாடியில் எனக்கு வழுக்கை மட்டும் தெரியும்.
ஒன்றும் நடக்கவில்லை.
பறக்கும் படைதான் மூன்று தடவை
பையைத் திறந்து எண்ணியது.

இன்றைக்குச் சிவன்மலை. ஏதோ வேண்டுதல்,
படியேறித்தான் போக வேண்டுமாம்.
ரெண்டையும் கழற்றி
டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார்.
சாவியோடு நாலு எட்டு நடந்தவர்
திரும்பி வந்து என் கையில் கொடுத்தார்,
"படியில எங்கியாவது உழுந்துடும்."
வெறுங்காலோடு நொண்டிப் போனார்.

வண்டிக்குள் உட்காரப் பிடிக்கவில்லை.
வழிமறிக்கிறவன் முதலில் டிரைவரைத்தான் பார்ப்பான்,
வண்டி நிற்க வேண்டுமே.
இதை முதலாளியிடம் நான் சொன்னதில்லை.
அவருக்கு இடுப்பில் ஒன்று,
அது சொல் கேட்காத நாளுக்குக் காலில் ஒன்று.
எனக்கு ரெண்டுமே
முதுகுக்குப் பின்னால்.

போலீஸ் ஜீப் ஒன்று மெதுவாகத் தாண்டியது.
வணக்கம் வைத்தேன்.
சாவி உள்ளங்கையில் சுட்டது. வெயில்தான்.

சும்மா நிற்பானேன் என்று டிக்கியைத் திறந்து
மேட்டைத் தூக்கி
ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.
அமுங்கியது.
எத்தனை நாளாக இப்படிக் கிடக்கிறதோ,
நானும் எத்தனை சனிக்கிழமை
இதை நம்பி ஓட்டினேனோ.

மேலே மணி அடிக்கிறது.
அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் இறங்கிவர
இன்னும் அரைமணி நேரம் ஆகும்.
பஞ்சர் கடை காங்கயம் முக்கில்.
இந்தச் சாவியோடு, அந்த ரெண்டோடு,
காற்றடித்துவிட்டு வந்துவிடலாமா என்று
ஸ்டீயரிங்கில் கை வைத்து
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.