நான்காவது கோரிக்கை

கலெக்டர் ஆபீஸ் வாசல் புங்கமரத்தடியில்
மனு எழுதும் கதிர்வேல்சாமி
பேனாவை உதறிவிட்டுக் கேட்டார்:
"என்ன தொழில்னு போடட்டும்?"

நடனம் என்றேன்.
"பரதமா?"
ஆடல் பாடல், என்றாள் இருளாயி.
மேடையில் அவள் பெயர் ஸ்வேதா.
"கொட்டாம்பட்டி திருவிழாவுல பாத்திருப்பீங்க."
பார்க்கவில்லை என்றார்.
அவ்வளவு வேகமாகச் சொன்னால்
பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

மேடை நடனக் கலைஞர்கள் நலச்சங்கம்.
பதிவு எண் உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு.
உறுப்பினர் இருநூற்றுப் பதினொன்று,
சந்தா கட்டியவர் நாற்பது.
நான் பொருளாளர்.
கணக்கு எனக்கு வரும்:
ராத்திரிக்குப் பேசியது மூவாயிரம்,
ஏஜெண்டுக்கு ஆயிரம், வேனுக்கு, பூவுக்கு,
ஸ்டேஷனில் பார்த்துக்கொள்வதற்கு,
விடிகாலை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது
இட்லி தின்ன மிச்சம்.

பங்குனி பிறந்தால் ஊர்கள்
ஒத்தக்கடைப் பக்கத்து ஹைகோர்ட்டுக்குப் போகும்,
எங்களை ஆடவிடச் சொல்லி.
காளியம்மன் பெயரில் வழக்கு, ஊர்ப் பணத்தில் வக்கீல்.
அனுமதியோடு நிபந்தனையும் வரும்.
பத்து மணிக்கு மேல் கூடாது,
சாதிப் பாட்டு கூடாது,
ஆபாசம் கூடாது.
ஆபாசம் எங்கே தொடங்குகிறது என்று
எங்களை யாரும் கேட்டதில்லை.
ஐந்தாவது வரிசையில் தொடங்குகிறது, ஐயா.
பத்து ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்து
மேடையேறி வரும் கையில் தொடங்குகிறது.
வழக்கு என்னவோ எங்கள் பாவாடை மேல்.
செல்போனில் படம் பிடித்த ஏட்டு
ஆதாரத்துக்கு என்றார்.
ஆதாரம் மறுநாள் மேலூர் முழுக்க ஓடியது.

கதிர்வேல்சாமி எழுதினார்.
பதினெட்டு முடிந்தவர்க்கு மட்டும் அடையாள அட்டை.
கூலி நேராக எங்கள் கையில்.
வழக்குப் போட்டால் தொட்டவன் மேல்.
நாலாவதைச் சொன்னபோது பேனா நின்றது.
"இதெல்லாம் மனுவுல எழுதணுமாம்மா?"
எழுதுங்க.

ரசீது கொடுத்தார்கள். நீளமான எண்.
மூன்று திங்கட்கிழமை போய் நின்றோம்.
பிறகு தேர்தல் வந்தது.

எங்களைத் தடை செய்யச் சொல்லிப்
போன வருஷம் ஊர் ஊராய்ப் பேசியவர்
ஆள் அனுப்பினார்:
எட்டுப் பெண்கள் வேண்டும்,
தலைவர் வரும்வரை கூட்டம் கலையக் கூடாது.
செலவுக் கணக்கில் எங்களை எப்படி எழுதுவீர்கள்?
வந்தவன் சிரித்தான்.
"சாமியானாவோட சேத்துக்கலாம்."

அலங்காநல்லூர்ப் பக்கம், அறுத்த வயல்.
ஆறு மணிக்கு வரவேண்டிய தலைவர்
ஒன்பதுக்கும் வரவில்லை.
பதினேழு பாட்டு ஆடிவிட்டோம்.
இருளாயிக்குக் கொலுசுக்கு மேலே வீங்கியிருந்தது.
உடை மாற்ற டிராக்டர் டிப்பர்.
மூன்று பக்கம் தார்ப்பாய்,
நாலாவது பக்கம் பையன்கள்.

பதினெட்டாவது பாட்டுக்கு ஒருத்தியும் நகரவில்லை.
சவுண்டு சர்வீஸ் முத்திருளன் என்னைப் பார்த்தான்,
பாட்டை நிறுத்தினான்.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மனு நகலை எடுத்தேன்.
வேர்வையில் ஸ்டாம்பு ஊறி
ஓரமெல்லாம் நீலம்.

பத்தொன்பது வருஷம் இந்தச் சுற்று ஊர்களில்
வேறொருத்தி தொண்டைக்கு வாயசைத்திருக்கிறேன்.
மைக்கில் என் குரல் இவ்வளவு கட்டை என்று
எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"மதிப்பிற்குரிய..." என்றேன்.
பாட்டைப் போடு என்றான் ஒருவன்.
செருப்பு ஒன்று வந்தது, ஜோடி வரவில்லை.
கடைசியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்
"படிக்கட்டும், விடுங்கடா" என்றாள்.
யாரென்று தெரியாது.

முதலாவது படித்தேன். இரண்டாவது.
மூன்றாவதில் பாதி,
ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள்.
இருட்டு. வயலில் பூச்சிச் சத்தம்.
தாள் தெரியவில்லை.
நாலாவதுக்குத் தாள் வேண்டியதில்லை.

"மேடைக்குப் பின்னாடி ஒரு ரூம்.
கதவு வச்சது.
உள்ளருந்து பூட்டுற கதவு."

முதல் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும்.