தனிச்சொல்

டோங்காட் இடுகாட்டின் கரும்பு வேலியோரம்
கல்லைத் துடைக்கத் தண்ணீர் இல்லை.
டெய்லன் பெரிமால் தன் சோடா பாட்டிலைச் சாய்த்தார்.
நுரை வடிய வடிய எழுத்துகள் எழுந்தன:

    கரும்பின் கணுவெண்ணிக் காலம் கழித்தாள்
    திரும்பாக் கடல்கடந்து தேய்ந்தாள் . . . . . .
    பேரெழுதக் கல்நட்டோம் பிள்ளைகள் நால்வரும்
    நீரெழுத்தாய் நீங்கா திது.

வெண்பா. அதுவும் நேரிசை.
இரண்டாம் அடியின் ஓரத்தில் மட்டும்
உள்ளங்கை அகலம் கல் பெயர்ந்திருந்தது.
நீங்காது என்று சொன்ன கல்லில்
நீங்கியது அவள் பெயர்தான்.

அவருக்குத் தமிழ் படிக்க வராது.
டர்பனுக்குப் பேருந்து ஓட்டுகிறார்.
"முனியம்மா என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.
சரியா என்று பாருங்கள்.
கொத்தனார் காத்திருக்கிறார்,
எழுத்துக்கு நாற்பது ராண்ட்."

பக்கத்துக் கல்லறை மேல் நோட்டை விரித்தேன்.
தேய்ந்தாள்: தேமா. அடுத்து நிரை வரவேண்டும்.
பேரெழுத என்று நேரில் தொடங்குகிறது மூன்றாம் அடி.
ஆகவே பெயர் காயில் முடியலாம்,
விளத்தில் முடியலாம், மாவில் முடியாது.
முனி, நிரை. யம், நேர். மா, நேர்.
புளிமாங்காய்.
தளை தட்டவில்லை.
நான் தலையசைக்க, என்னவென்று தெரியாமல்
டெய்லனும் அசைத்தார்.

அப்புறம்தான் எதுகை பார்த்தேன்.
கரும்பு. திரும்பா. இரண்டாம் எழுத்து ரு.
தனிச்சொல்லும் அதையே கேட்கும்.
முனியம்மாவில் ரு இல்லை.

மருதாயி நுழைவாள். இருளாயி நுழைவாள்.
கருப்பாயி, குருவம்மா,
எல்லாருக்கும் அதே எடை.
கப்பல் பட்டியலில் நால்வருமே இருக்கிறார்கள்,
ஆளுக்கொரு எண்ணோடு.
முனியம்மாக்கள் மட்டும் ஒன்பது பேர்.

முதலடியில் நாலு சீருக்கும் மோனை வைத்தவன்
எதுகையைக் கோட்டை விடுவானா?

விடுவான்.
நட்டோம் என்கிறானே, நால்வரில் ஒருவன் அவன்.
ரு வேண்டும் என்பதற்காகப்
பெற்றவள் பெயரை மாற்றவா முடியும்?
எத்தனை இரவு அந்த ஓர் இடத்தில் நின்றானோ,
விரல் மடக்கி, விரல் நீட்டி,
சரியான சொற்கள் வரிசையாக வந்து நிற்க
ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பி.

அல்லது இதெல்லாம் நான் கட்டுவது.
வீட்டில் சொல்வதும் தேயும், கல்லைப் போல.

கொத்தனார் உளியால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.
"என்ன பேர்?" என்றார் டெய்லன்.
"ஐந்தெழுத்து. இருநூறு ராண்ட்.
நீங்கள் சொன்னதையே வெட்டச் சொல்லுங்கள்."

நோட்டில் மற்ற பெயர்களை அடித்துவிட்டேன்.
ஓரத்தில் வட்டம் போட்ட ரு
இன்னும் அங்கேயே இருக்கிறது.