1412 கிராம்

அக்டோபரில் கடைசியாகத் தின்றது.
இப்போது பிப்ரவரி.
டுலூத் துறைமுகத்தில் கப்பல்கள் உறைந்து நிற்கின்றன.
என் வீட்டில் ஒரு மலைப்பாம்பு
பந்தாகச் சுருண்டு
தலையை நடுவில் ஒளித்துக்கொண்டிருக்கிறது.

காரெட் போகும்போது சோபாவை எடுத்துக்கொண்டான்,
நல்ல வாணலி இரண்டையும்.
பாம்பை மட்டும்
புது வீட்டுக்காரர் ஒப்பமாட்டார் என்று
விட்டுப் போனான்.
அதற்கு அவன் வைத்த பெயர் வாஃபிள்.
நான் கூப்பிட்டதில்லை.
காதில்லாததற்குப் பெயர் எதற்கு.

வியாழன் இரவுதோறும் இதுதான்:
ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பின்னாலிருந்து ஓர் எலி.
உறை பிரிக்காமல் வெந்நீரில் ஒரு மணி நேரம்.
மூக்கை மட்டும் ஹேர் டிரையரில் காட்டச் சொன்னார்
கடைக்கார ஓர்வில்.
உயிருள்ளது என்று அது நம்பவேண்டுமாம்.
நீள இடுக்கியில் பிடித்து
செத்ததை நடக்கவைக்கிறேன்.
ஒரு நிற்றல், ஒரு துள்ளல்,
கொஞ்சம் தயக்கம்கூட நடித்துக் காட்டினேன்.
நாக்கு இரண்டு முறை வெளியே வந்தது.
மோப்பம் பிடித்தது,
என்னை.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது
சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்ததுபோல.

விளக்கை அணைத்துப் பார்த்தாயிற்று.
கண்ணாடிக்குப் போர்வை போர்த்தியாயிற்று.
பெரிய பொந்தை எடுத்துவிட்டு
உடம்பு உரசும் சின்னப் பொந்து வைத்தாயிற்று.
எலியைக் கோழிச்சாற்றில் முக்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.
தீண்டாத எலியை மறுபடி உறையவைக்கக்கூடாது.
குப்பைக்குப் போனவை இதுவரை பதினாறு.

பாம்பின் கால் பாம்பறியும்.
பாம்பின் வயிறு?

ஆண் பாம்பு, இணை தேடும் காலம்,
எடை இறங்காதவரை பயமில்லை என்கிறார் ஓர்வில்.
இது ஒஹாயோவில் பிளாஸ்டிக் டப்பாவில் பொரிந்தது.
டோகோவைக் கண்டதில்லை,
ஒரு கரையான் புற்றைக்கூட.
எவளுடைய வாசனைக்காக
இங்கே இப்படிக் கிடக்கிறது,
வெளியே மைனஸ் இருபத்தெட்டு இருக்கும்போது?

மாவு நிறுக்கும் தராசில் வைக்கிறேன்.
1412. 1409. 1411.
காலண்டரில் எழுத இடமில்லாமல்
காரெட்டின் பல் டாக்டர் தேதிமேலேயே எழுதுகிறேன்.

நேற்று மின்சாரம் போனது.
பெட்டிக்கு அடியில் ஹீட்டர் ஆறிப்போனது.
பாம்பைத் தலையணை உறையில் இட்டு
ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு
சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்
நான்கு மணி நேரம்.
கைக்கு எட்டிய பிஸ்கட்டை
இருட்டில் ஒவ்வொன்றாகத் தின்றேன்,
பாக்கெட் முழுக்க.
மதியமும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
உள்ளே அது
ஒரு சுற்றை அவிழ்த்து
வேறு பக்கம் வைத்துக்கொண்டது.

விளக்கு வந்ததும் நிறுத்தேன்.
1412.
வாஃபிள் என்றேன்
முதல் தடவையாக.
திரும்பிப் பார்க்கவில்லை.