பக்கம் முப்பத்துநான்கு

ஏப்ரல் மாதம், கீழக்கரை.
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
உப்புக்காற்றில் தாள் நமத்துப்போகும்;
இயந்திரம் இரண்டிரண்டாய் இழுத்துப் போய்
பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும்.
நாளை பதினோரு மணிக்குள்
கல்லூரிக்குப் போயாக வேண்டும்
முப்பத்தாறு பிராஜெக்ட்.
ஒவ்வொன்றும் நாலு பிரதி. கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

நன்றியுரை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே:
இறைவன், பெற்றோர், முதல்வர், வழிகாட்டி,
நேரடியாகவும் மறைமுகமாகவும் உதவிய அனைவரும்.
அந்த மறைமுகத்தில் நானும் உண்டென்று
வருஷாவருஷம் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த தாளில் ஆளுக்கொரு திசை.

வணிகவியல் ஜுவைரியா
நண்டு கம்பெனியில் சதை பிரிக்கும் அறுபது பெண்களிடம்
வேலை நிறைவாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.
கருத்தில்லை: நாற்பத்தொரு பேர்.
அதற்கு ஒரு வட்டம் வரைந்து
வெந்த நண்டின் நிறம் பூசியிருக்கிறாள்.
கலர் பிரிண்ட் பத்து ரூபாய். ஏழு வாங்கினேன்.

வேதியியல் கார்மேகம்
தன் தெருவின் பதினொரு கிணறும்
குடிக்க ஏற்றவை அல்ல என்று முடிக்கிறான்.
முடித்த கையோடு என் கேனில்
மூன்று டம்ளர் குடித்தான்.
"இது எந்தத் தண்ணிண்ணே?"
கேக்காத தம்பி, பைண்டிங் ஆயிருச்சு.

கணிதத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல்
எனவே.
பக்கத்துக்கு நாலு எனவே.

விலங்கியல் ரெக்ஸிலின், பாம்பன்காரி.
தொண்ணூறு விடியல் குந்துகால் மணலில்
ஆமைத் தடம் தேடி நடந்தவள்.
அட்டவணை மூன்று பக்கம்:
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்
எழுபத்திரண்டாம் நாளுக்கு நேரே
ஒரு கேள்விக்குறி.
எடுத்துவிடச் சொன்னாராம் சார்.
"எடுக்கல. அன்னிக்கி மழை.
மணல்ல என்னமோ இருந்துச்சு."

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் அடுக்கியதில்
கலந்துவிட்டன இரண்டு கட்டு.

நம்புராஜன் இயற்பியல்:
விடுதி மொட்டைமாடியில் சைக்கிள் டைனமோவும்
நாலு கொட்டாங்கச்சியும் கட்டி
காற்றின் வேகம் அளந்தவன். ஆங்கிலம்.
ஜெய்லானி தமிழ்:
வள்ளம் வள்ளமாய் ஏறி
காற்றின் பெயர் கேட்டவன்.
எழுத்து வேறு, எண்பது ஜிஎஸ்எம் தாள் ஒன்றுதான்.

காலையில் ஜெய்லானி பிரித்தான்.
வாடை, கொண்டல், சோழகம் என்று வந்து
முப்பத்துநாலில் கச்சான் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு வரைபடம்:
இருநூற்று நாற்பது பாகை, மாலை நாலரை,
நொடிக்கு ஒன்பது மீட்டர்.
நம்புராஜன் பிரித்தான்.
"விளக்க முடியாத கருவிப் பிழை" என்று
அவன் எழுதிய தலைப்புக்கு அடுத்து:
கள்ளக்கச்சான். கச்சான் போல எழும்பி
பாய் விரிப்பதற்குள் செத்துப்போகும்.
சொன்னவர் சீனி அசன், வயது 38, ஏர்வாடி.

கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை.
மார்க் போயிரும் மார்க் போயிரும் என்று
என்னைத்தான் இருவரும் வைதார்கள்.
கம்பியை நான் உருவிக்கொண்டிருந்தபோது
நம்புராஜன் கேட்டான்:
"அது எந்த மாசம் அடிக்கும்னு சொன்னாரு?"
ஜெய்லானி பையைத் துழாவி நோட்டை எடுத்தான்.
மணி பத்து இருபது.
அவன் வாசிக்க இவன் தன் அட்டவணையில்
விரலை நகர்த்திக்கொண்டே போனான்.
ஒரு இடத்தில் நின்றது விரல்.
இன்னொரு இடத்தில் நிற்கவில்லை.

பிழை என்ற சொல்லை அடிக்கவில்லை அவன்.
பக்கத்தில் பேனாவால்
ஏர்வாடிக்காரர் பெயரை எழுதினான்.
மேற்கோள் முறை தவறு என்று
சிவப்பில் சுழிக்கப்போகிறார்கள், தெரியும்.

மூன்று பிரதிதான் மாற்றிக் கட்ட நேரமிருந்தது.
நாலாவது அப்படியே போயிற்று.
நூலகத்தில் இருக்கும்.

எனக்கும் ஒரு பிராஜெக்ட் உண்டு.
ஐந்து பேர் குழு, என் பெயர் நாலாவது.
தலைப்பு மறந்துவிட்டது.
நாலரைக்குக் கடைக்குள் காற்று வந்து
தங்கத்தாள் துணுக்குகளைக் கிளப்பியது.
ஷட்டரை இறக்காமல்
எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்த்தேன்.