பதினேழு ஒன்றுகள்

பெர்கன் துறைமுகத்தில் மழை விடாத நவம்பர்.
கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில்
எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனபின்
கணக்குப் பொறியின் கைப்பிடி எனக்கு.

பகலில் நான் கூட்டுவதெல்லாம் மூழ்கிப்போனவை:
இத்தனை டன் கருவாடு, இத்தனை பீப்பாய் மீனெண்ணெய்,
பாய்மரம் ஒன்று, தேய்மானம் கழித்து.
இரவில் ஒரே ஓர் எண்.

11111111111111111

வேலி மாதிரி நிற்கிறது. சந்து எங்கே?
இரண்டும் ஐந்தும் கடைசி இலக்கத்திலேயே முட்டித் திரும்பும்.
மூன்றுக்கும் வழியில்லை, கூட்டினால் பதினேழு.
பதினொன்று ஜோடி ஜோடியாகக் கேட்கும்;
இங்கே எப்படி நிறுத்தினாலும் ஒருவன் தனி.

இதை உடைக்கும் பகா எண் ஏதும் இருந்தால்
முப்பத்து நான்கால் வகுக்கையில் அது ஒன்றை மீதம் விடும்.
எனக்கிருந்த துப்பு அவ்வளவுதான்.
நூற்று மூன்று.
நூற்று முப்பத்தேழு.
இருநூற்று முப்பத்தொன்பது.
மீதி வரும். எழுதுவேன். அடிப்பேன். அடுத்தது.

இரண்டாம் குளிர்காலத்தில்
காவலாளி எய்லர்ட் மேலே போய்ச் சொல்லிவிட்டான்:
ராத்திரியில் அந்தப் பெண் ஏதோ கணக்கை மாற்றுகிறாள்.
மேலாளர் ஃபாஸ்மர் என் தாள்களையெல்லாம் பரப்பி
களவு போன பணத்தைத் தேடினார்.
மீதிகள். மீதிகள். எல்லாம் அடிக்கப்பட்ட மீதிகள்.
"யாருடைய கணக்கு இது, செல்வி ஹெல்லே?"
யாருடையதும் இல்லை என்றேன்.
அந்தப் பதில்தான் அவரைக் கோபப்படுத்தியது என்று நினைக்கிறேன்.
தாளுக்காகச் சம்பளத்தில் நான்கு குரோனர் பிடித்தம்.
பொறிக்கும் பூட்டு.

பிறகு வீட்டில், கையால்,
கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு.

மூன்றாம் குளிர்காலம், பிப்ரவரி, ஒரு வியாழன்:
இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து
எழுநூற்று இருபத்து மூன்று.
மீதி, சுழியம்.
மறுபடி போட்டேன். சுழியம்.
பேனாவைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.

தெருவில் ரோந்து வந்த எய்லர்ட்டிடம்
ஜன்னலைத் திறந்து, "உடைந்துவிட்டது" என்றேன்.
விளக்கைத் தூக்கி ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தான்.
"எது?"

இன்னொரு துண்டு பத்து இலக்கம்: 5363222357.
அதையும் உடைத்துப் பார்க்க வேண்டாமா என்று
பென்சிலைச் சீவிய பிறகுதான் உறைத்தது:
அதற்குள் நுழையக்கூடிய சின்ன எண் எதுவானாலும்
முழு வேலிக்குள்ளும் நுழைந்திருக்க வேண்டும்.
அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத்
திருப்பி அனுப்பியாகிவிட்டது.
அது பகா எண்தான்.
சாட்சி, வீண் என்று நான் அடித்துப்போட்ட
அத்தனை ஆயிரம் மீதிகளும்.

அந்த நான்கு குரோனருக்கான ரசீதும்
அதே கட்டில்தான் இருக்கிறது.